ஏஆர்-15க்கு ஹேண்ட்கார்டு வாங்கப் போகிறீர்களா? எடை, விலை, தேவை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டுச் சமையலறையில் கேக் மாவு அளக்க வாங்கிய டிஜிட்டல் தராசு ஒன்று இருக்கிறது. அதில் மாவு ஏறியதைவிடத் துப்பாக்கிச் சாமான்கள் ஏறியதுதான் அதிகம் என்று மனைவி சொல்வதுண்டு. பொய்யில்லை. முதலில் ஏறியது ஒரு ஹேண்ட்கார்டு. விளம்பரத்தில் 8 அவுன்ஸ் என்று போட்டிருந்தார்கள். தராசும் ஏறக்குறைய எட்டுதான் காட்டியது. பரவாயில்லை, நாணயமான ஆட்கள் என்று நினைத்துக்கொண்டே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தேன். உள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பை விழுந்தது. துப்பாக்கிக் குழலான பேரலை இறுக்கிப் பிடிக்கும் எஃகு பேரல் நட், இரண்டு கவ்வித் தகடுகள், ஆறு திருகுகள். அதையும் சேர்த்து வைத்தால் பன்னிரண்டரை! எழுதியது பொய்யல்ல. நட்டை விட்டுவிட்டு எடை போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த நட் இல்லாமல் ஹேண்ட்கார்டு துப்பாக்கியில் நிற்காது.

நான் இருப்பது டெக்சாஸில், டாலஸ் பக்கம். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு முதல் ரைபிள் வாங்கும் தமிழ் நண்பர்கள் சிலர் உண்டு. பெரும்பாலும் ஏஆர்-15தான் வாங்குகிறார்கள். வாங்கிய மாதமே போன் வரும்: "அண்ணே, எந்த ஹேண்ட்கார்டு போடலாம்?" ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில், அது என்ன? சுடும்போது வலது கை ட்ரிகர் பக்கம் இருக்கும். இடது கை முன்னால் பேரலைச் சுற்றியிருக்கும் ஒரு உறையைப் பிடித்திருக்கும். அந்த உறைதான் ஹேண்ட்கார்டு. முப்பது தோட்டா வேகமாகச் சுட்டால் பேரல் தொட முடியாத சூட்டுக்குப் போய்விடும். கை சுடாமல் காப்பது அதன் முதல் வேலை. டார்ச், பைபாட் (முன்னால் ஊன்றும் இரட்டைக் கால்), தோளில் மாட்டும் ஸ்லிங் வார் ஆகியவற்றை மாட்ட இடம் தருவது இரண்டாவது வேலை. இன்றைய விளம்பரங்கள் எல்லாம் இரண்டாவது வேலையைப் பற்றியே பேசுகின்றன.

சட்டம், சுருக்கமாக

ஏஆர்-15 வகையில் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 'துப்பாக்கி' என்று கணக்கில் வருவது சீரியல் எண் உள்ள, ட்ரிகர் பூட்டிய கீழ்ப்பகுதியான லோயர் ரிசீவர்தான். ஹேண்ட்கார்டு வெறும் பாகம். பெரும்பாலான மாநிலங்களில் வீட்டுக்கே தபாலில் வரும். ஆனால் கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. சில இடங்களில் பேரலைச் சுற்றிக் கையைக் காக்கும் உறையே தடை அம்சங்களின் பட்டியலில் இருக்கிறது. உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதை நண்பர்களிடம் கேட்காமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டைப் பணயம் வைத்துச் செய்யும் பொழுதுபோக்கு எதுவும் இல்லை.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்

நான் சொன்னதில் யாரும் கேட்காத அறிவுரை இதுதான். துப்பாக்கியோடு வந்த ஹேண்ட்கார்டிலேயே குறைந்தது இருநூறு, முந்நூறு தோட்டா சுடுங்கள். மூன்று நான்கு முறை ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் களத்துக்கு, போனால் ஆகிவிடும். அதற்குள் உங்கள் இடது கை தானாக எங்கே போய் நிற்கிறது, எங்கே சூடு உறைக்கிறது, தோள் எப்போது வலிக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். இந்தத் தகவல் எந்தக் கடையிலும் கிடைக்காது.

நான் அப்படிச் செய்யவில்லை. முதல் வாரமே நாலு பக்கமும் பல் வைத்த ஒரு குவாட் ரெயிலை (சாமான் மாட்டும் உலோக ஹேண்ட்கார்டை ரெயில் என்பார்கள்) வாங்கிப் பூட்டினேன். படத்தில் ராணுவக்காரன் கையில் பார்த்த மாதிரியே இருந்தது. பல் கையைக் கிழிக்கிறது என்று ரப்பர் மூடிகள் வாங்கினேன். அவை கனத்தன. ரெயில் மட்டும் ஒரு பவுண்டுக்குப் பக்கம், மூடிகள் தனி. நின்று சுட்டால் நாற்பதாவது விநாடியில் குறி ஆடத் தொடங்கிவிடும். கை நடுக்கம் வயசுக் கோளாறோ என்றுகூட யோசித்தேன்.

உங்கள் துப்பாக்கியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு காகிதத்தில் நாலு விவரம் எழுதுங்கள்: பேரல் நீளம், கேஸ் சிஸ்டத்தின் நீளம், கேஸ் பிளாக் எந்த வகை, காலிபர் (தோட்டாவின் அளவு) என்ன.

பேரல் பெரும்பாலும் 16 அங்குலம் இருக்கும். 16க்குக் குறைந்த பேரல் உள்ள ரைபிளை அரசிடம் பதிவு செய்யாமல் வைத்திருப்பது குற்றம். அந்தப் பக்கம் புதியவர்கள் போக வேண்டாம்.

கேஸ் சிஸ்டம் என்பது இது. பேரலில் ஒரு சிறு துளை இருக்கிறது. தோட்டா அதைத் தாண்டியதும் வாயு அதன் வழியாக மேலேறி, கேஸ் டியூப் என்ற ஒரு மெல்லிய குழாயில் பின்னோக்கி வந்து, அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இயக்குகிறது. அந்தத் துளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்து கார்பைன், மிட், ரைபிள் நீளம் என்கிறார்கள்; அவற்றுக்கான ஹேண்ட்கார்டு ஏறக்குறைய 7, 9, 12 அங்குலம். துளையின் மேல் உட்கார்ந்திருப்பது கேஸ் பிளாக். இதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

உங்கள் துப்பாக்கியின் முன்னால் முக்கோணமாக, உயரமாக, குறி பார்க்க உதவும் ஒரு முன்குறி நிற்கிறதா? அதுவே கேஸ் பிளாக். அப்படியானால் நீளமான ஹேண்ட்கார்டு அதைத் தாண்டிப் போக முடியாது. அந்த முக்கோணத்தை எடுத்துவிட்டுத் தாழ்வான கேஸ் பிளாக் போட வேண்டும், அல்லது அதற்கென வெட்டு வைத்த ரெயில் வாங்க வேண்டும், அல்லது குட்டை ஹேண்ட்கார்டோடு நிம்மதியாக இருக்க வேண்டும். முன்னால் எதுவும் நிற்காமல், உறைக்குள் ஒளிந்திருக்கும் தாழ்வான கேஸ் பிளாக் என்றால் வேலை சுலபம்.

முக்கோணத்தை வீட்டில் கழற்ற நினைப்பவர்களுக்கு: அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஊசிகளும் ஒரு முனை தடித்து மறுமுனை சிறுத்தவை. ஒரு பக்கம் அடித்தால்தான் வெளியே வரும். தவறான பக்கம் அடித்தால் ஆப்பு மாதிரி இன்னும் இறுகும். நண்பர் ஒருவர் கால் மணி நேரம் சுத்தியலால் அடித்துவிட்டு "துருப்பிடிச்சிருச்சு போல" என்று கொண்டுவந்தார். துருவெல்லாம் இல்லை, திசைதான் தப்பு.

.308 காலிபர் பெரிய ஏஆர் வைத்திருப்பவர்கள் ஒரு வரி படித்தால் போதும்: அதற்குப் பொதுவான ஒரே அளவு கிடையாது. உங்கள் ரிசீவர் தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லி, பொருந்துமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என்ன மாட்டப் போகிறீர்கள்?

தேவை என்பது "ஒருவேளை வேண்டியிருக்கும்" என்பதல்ல. அடுத்த ஆறு மாதத்தில் அதில் என்ன தொங்கப் போகிறது என்று மட்டும் யோசியுங்கள்.

ரேஞ்சில் மேசைமேல் வைத்துச் சுடுபவருக்கு ஒன்றும் தொங்க வேண்டாம். வீட்டுப் பாதுகாப்புக்கு என்றால் ஒரு டார்ச், ஒரு ஸ்லிங் வார், அவ்வளவுதான். டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர் இரவில் மைல் கணக்காகத் தூக்கிக்கொண்டு நடப்பார். அவருக்கு எடைதான் முதல் எதிரி. போட்டிகளில் ஓடி ஓடிச் சுடுபவர் கையை முழுக்க நீட்டிப் பிடிப்பதால் நீளம் கேட்பார். முந்நூறு, ஐந்நூறு கெஜம் படுத்துச் சுடுபவர் பைபாட் வைப்பார். அவருக்கு உறுதி வேண்டும்.

இதில் பணம் செலவழிக்க உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. ஹேண்ட்கார்டின் மேல் முன்குறி அல்லது லேசர் வைக்கப் போகிறீர்களா? அப்படியென்றால் ஹேண்ட்கார்டு கொஞ்சம்கூட வளையக் கூடாது, திரும்பக் கூடாது. அது ஒரு நூல் அசைந்தால் லேசரின் குறியும் அசையும். டார்ச்சுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் வெளிச்சம் வெளிச்சம்தான். ஸ்கோப் அல்லது ரெட் டாட் போன்ற குறிக்கண்ணாடி ரிசீவரின் மேல்தான் உட்காரும், ஹேண்ட்கார்டில் அல்ல. ஆகவே குறி எல்லாம் ரிசீவரிலேயே இருக்கும் ஆளுக்கு, விலை உயர்ந்த ரெயிலின் அசையாத உறுதி அநேகமாக வீண் செலவு.

இரண்டு குடும்பம்

டிராப்-இன் என்பது மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு துண்டு. பின்னால் ஸ்பிரிங் வைத்த ஒரு வளையம், முன்னால் கேஸ் பிளாக்கை ஒட்டி ஒரு தொப்பி. இரண்டுக்கும் நடுவில் சொருகுவதுதான் வேலை. வளையத்தைப் பின்னால் இழுத்தால் கழன்று வரும். பழைய எம்16 ராணுவ ரைபிள் தொட்டு வரும் ஏற்பாடு. யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்த ஏஆர்-15இன் உரிமையை 1959இல் கோல்ட் நிறுவனம் வாங்கியது. அதிலிருந்து வந்த எம்16இன் முக்கோண ஹேண்ட்கார்டில் இடது துண்டு வேறு, வலது துண்டு வேறு. ஒன்று உடைந்தால் சரியான பக்கத்துத் துண்டைத் தேட வேண்டும். 1980களில் வந்த எம்16ஏ2இல் வட்டமாக்கி, மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் ஒரே மாதிரி செய்துவிட்டார்கள். எதை எங்கே மாட்டினாலும் பொருந்தும். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்புத் தீர்வுகளில் ஒன்று அது.

ஃப்ரீ ஃப்ளோட் என்பது ஒரே குழாய். ரிசீவர் பக்கம் பேரல் நட்டில் மட்டும் பூட்டியிருக்கும், வேறு எங்கும் பேரலைத் தொடாது. இதனால் என்ன லாபம்? தூண்டில் கழியின் நுனியைச் சுண்டு விரலால் இழுத்தாலும் வளையும் அல்லவா? பேரலும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத அளவில். டிராப்-இன் ஹேண்ட்கார்டை ஸ்லிங் வாரால் இறுக்கி இழுத்தாலோ பைபாட்டை முன்னால் அழுத்தினாலோ அந்த விசை பேரலுக்குப் போகும். தோட்டா விழும் இடம் மாறும். என் பழைய துப்பாக்கியில் 100 கெஜத்தில் வாரை இறுக்கிச் சுட்டபோது தோட்டாக் கூட்டம் இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. வாரைத் தளர்த்தியதும் ஏறிக்கொண்டது. ஃப்ரீ ஃப்ளோட்டில் அந்த விசை பேரலுக்குப் போகாமல் ரிசீவரில் இறங்கிவிடும்.

ஐம்பது கெஜத்துக்குள் சுடுபவருக்கு இந்த இரண்டு விரற்கடை ஒரு பொருட்டா? இல்லை. தூரமாகச் சுட, வாரையோ பைபாட்டையோ நம்ப ஆரம்பிக்கும்போதுதான் ஃப்ரீ ஃப்ளோட்டுக்குக் கொடுக்கும் காசு திரும்பி வரும்.

மாட்டும் முறையிலும் ஒரு தேர்வு இருக்கிறது. நியூ ஜெர்சியின் பிக்காட்டினி ஆயுதச் சாலையின் பெயரில் வழங்கும் பல் வைத்த ரெயில் 1995இல் ராணுவத் தரமானது. நாலு பக்கமும் அந்தப் பல்லை வைத்ததுதான் நான் வாங்கிய கனமான சாமான். பிறகு பல்லை எல்லாம் வழித்துவிட்டு வெறும் துளை மட்டும் வைத்து, வேண்டிய இடத்தில் வேண்டியதை மாட்டிக்கொள்ளும் யோசனை வந்தது: 2012இல் கீமாட், 2014இல் மேக்புல் நிறுவனம் கொண்டுவந்த எம்-லாக். 2017இல் அமெரிக்கச் சிறப்புப் படைகளின் கட்டளையகம் சோதனைக்குப் பின் எம்-லாக்கைத் தேர்ந்தெடுத்தது, சந்தையும் அதன் பின்னாலேயே போய்விட்டது. இன்று கீமாட் ரெயில் மலிவாகக் கிடைக்கலாம். வாங்காதீர்கள். ரெயில் மலிவு, அதில் மாட்டச் சாமான் தேடி அலைவதுதான் செலவு.

நீளம்

16 அங்குலப் பேரலுக்கு 13 அல்லது 15 அங்குலம்தான் வழக்கம். எனக்கு 13 போதும். கை நீளமானவர்களும் போட்டிக்குப் போகிறவர்களும் 15 எடுக்கலாம். உறை பேரலின் வாயைத் தாண்டி நீளவே கூடாது. உதைப்பைக் குறைக்க வாயில் பூட்டிய மசில் பிரேக்கின் பக்கவாட்டுத் துளைகள் உறைக்குள் போய்விட்டாலும் கேடுதான். சூடான வாயு உள்ளேயே அடித்துத் திரும்பும்.

டார்ச் எங்கே வரும் என்றும் பாருங்கள். ரொம்பப் பின்னால் இருந்தால் பேரலின் நிழல் சுவரில் பெரிதாக விழும். ரொம்ப முன்னால் இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் கண்ணாடியில் கரி படியும்.

எடை: துவரம் பருப்புச் சோதனை

எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்பைன் அளவு பிளாஸ்டிக் டிராப்-இன் 200 முதல் 300 கிராம். 13 முதல் 15 அங்குல அலுமினிய எம்-லாக் ரெயில், நட் எல்லாம் சேர்த்து 250 முதல் 400 கிராம். கார்பன் ஃபைபர் அதைவிடக் குறையலாம். குவாட் ரெயில் 350இல் தொடங்கி அரைக் கிலோவரை போகும். ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராம்.

மொத்தத் துப்பாக்கியே மூன்று கிலோவுக்குப் பக்கம். நூறு கிராம் கூடினால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் தெருமுனைவரை நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்து பாருங்கள்! ஹேண்ட்கார்டின் எடை நீட்டிய கையில் உள்ள எடை. பின்கட்டையில் நூறு கிராம் கூடினால் தோள் கவனிக்காது. முன்முனையில் கூடினால் இடது கை அழும்.

இதை வாங்குவதற்கு முன்பே வீட்டில் சோதிக்கலாம். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தி, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள். தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். பாதுகாப்பான திசையைப் பார்த்து, ட்ரிகரில் விரல் வைக்காமல், துப்பாக்கியைத் தோளில் ஏந்தி ஒரு நிமிடம் நில்லுங்கள். அப்புறம் ஒரு சின்னத் துணிப்பையில் 150 கிராம் துவரம் பருப்பு போட்டு, ஹேண்ட்கார்டின் முன்முனையில் கட்டித் தொங்கவிட்டு மறுபடி ஒரு நிமிடம். இலகுவான ரெயிலுக்கும் கனமானதற்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அந்தப் பைதான். டார்ச் மாட்டுவதாக இருந்தால் இன்னும் 120 கிராம் பருப்பு போடுங்கள்.

என் நண்பர் ஒருவர் இதைச் செய்துவிட்டு, இணையக் கடைக் கூடையில் போட்டு வைத்திருந்த முந்நூறு டாலர் ரெயிலை விலக்கிவிட்டார். இன்னொருவர் ஆறடி இரண்டங்குலம், ஜிம்முக்குப் போகிறவர். "ஒண்ணுமே தெரியலையே" என்றார். அவருக்குக் கனமானது சரிதான். கனமான முன்பகுதிக்கு ஒரு நன்மையும் உண்டு: சுடும்போது வாய் மேலே எகிறுவது குறையும். மேசைமேல் வைத்துச் சுடுபவருக்கு எடை நண்பன்.

லேசாக்க ஆசைப்பட்டு எல்லைக்குப் போகவும் வேண்டாம். மிக மெல்லிய அலுமினியம் சீக்கிரம் சூடேறும். இங்கே ஜூலை மாதத்தில் வெயில் படும் மேசையில் கிடந்த கறுப்பு ரெயில், சுடுவதற்கு முன்பே அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருக்கும். பிளாஸ்டிக்கும் கார்பன் ஃபைபரும் அந்த விஷயத்தில் கைக்கு இதம்.

விலை: ரெயிலின் விலை மட்டும் விலையல்ல

ஏறக்குறையச் சொன்னால், நல்ல பிளாஸ்டிக் டிராப்-இன் 30 முதல் 50 டாலர். சாதாரண ஃப்ரீ ஃப்ளோட் 80 முதல் 130. நடுத்தரம் 150 முதல் 220. அதற்கு மேல் 250, 350 என்று போகும். 130க்கும் 200க்கும் நடுவில் கிடைப்பது நிஜமான முன்னேற்றம்: பொருத்தம் நெருக்கமாக இருக்கும், ரெயில் சுற்றாமல் இருக்கத் தடுப்புக் காதுகள் இருக்கும், திருகுகள் நல்ல தரம். 200க்கு மேல் கொடுப்பது லேசர் வைப்பவருக்கான உறுதிக்கும் கொஞ்சம் பெயருக்கும். ஐம்பது டாலருக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத ரெயில்களை நான் தொடுவதில்லை. ஒன்றைத் தொட்டேன், மூன்றாவது திருகிலேயே மரை வழுக்கிவிட்டது.

இப்போது மறைந்திருக்கும் செலவு. பேரல் நட்டைக் கழற்றத் தனியாக ஒரு சாவி, 25 முதல் 40 டாலர். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் 40. பேரல் பூட்டிய மேல்பகுதியான அப்பரைக் கவ்வ வைஸ் பிளாக் 40க்கு மேல், வைஸ் இல்லையென்றால் அதுவும். முக்கோண முன்குறியை எடுத்தால் தாழ்வான கேஸ் பிளாக் 30, முன்குறிக்குப் பதில் வேறு குறி தனி. 120 டாலர் ரெயில் என்று ஆரம்பித்தது 250ஐத் தாண்டும். துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் கருவிச் செலவு இல்லை, கூலி உண்டு. ஒரே ஒரு துப்பாக்கி, ஒரே ஒரு மாற்றம் என்றால் கூலி கொடுப்பதுதான் லாபம். இன்னும் ஒரு வழி, பலர் யோசிக்காதது: ஃப்ரீ ஃப்ளோட் ரெயிலோடு முழு அப்பரையே தள்ளுபடியில் வாங்கி, உங்கள் லோயரில் இரண்டு ஊசியால் பூட்டிக்கொள்வது. பழையதைக் கழற்ற வேண்டாம், அதுவும் பத்திரமாக இருக்கும்.

இன்னும் வாங்கவே வாங்காதவராக இருந்தால் பேச்சே இல்லை. ஃப்ரீ ஃப்ளோட்டோடு வரும் துப்பாக்கியாகப் பார்த்து வாங்குங்கள்.

பூட்டுவது

டிராப்-இன் என்றால் ஐந்து நிமிடம். வளையத்தின் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், இன்னொருவரை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஃப்ரீ ஃப்ளோட் என்றால் ஒரு மாலைப்பொழுது. துப்பாக்கி காலி என்று மறுபடி பார்த்து, அப்பரைத் தனியே பிரித்து, போல்ட்டை வெளியே எடுத்துவிடுங்கள். அப்பரைக் கவ்வும் பிளாக்கில் வையுங்கள். வெறும் வைஸில் நேராக இறுக்கினால் அலுமினியம் நசுங்கும். கேஸ் டியூபைக் கழற்றி, பழைய நட்டை எடுத்து, ரிசீவர் மரையில் கிரீஸ் தடவுங்கள். எஃகும் அலுமினியமும் நாளடைவில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் என்பதால் இதைத் தவிர்க்காதீர்கள்.

வழக்கமான நட்டுக்கு 30 முதல் 80 அடி-பவுண்டு இறுக்கம். முதலில் 30, 35க்கு இறுக்கித் தளர்த்துங்கள். அப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் மரை உட்கார்ந்துகொள்ளும். கடைசியாக இறுக்கும்போது நட்டின் இடைவெளி கேஸ் டியூப் போகும் துளைக்கு நேராக வர வேண்டும். வரவில்லையா? முன்னோக்கி இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், பின்னால் தளர்த்தி நேராக்காதீர்கள். ரெயிலோடு வரும் தனி நட்டாக இருந்தால் அதன் கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு. நான் சொன்னதை மறந்துவிடுங்கள். சிலவற்றில் நேராக்க மெல்லிய ஷிம் வளையங்கள் கொடுத்திருப்பார்கள்.

டியூபை மாட்டியதும் ஒரு சோதனை. அது நட்டைத் தொடாமல் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். போல்ட் கேரியரை உள்ளே விட்டு அப்பரை முன்பக்கம் சாயுங்கள். தன் எடையிலேயே வழுக்கிப் போய் உட்கார வேண்டும். டியூபில் இடித்து நின்றால் நேராகவில்லை என்று அர்த்தம். இதை விட்டுவிட்டு மேலே போனால் ரேஞ்சில் அழுவீர்கள். பிறகு ரெயிலை ஏற்றி, அதன் மேல் பல் ரிசீவரின் மேல் பல்லோடு ஒரே கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். கேஸ் பிளாக் உள்ளே எங்கும் உரசக் கூடாது. ஒரு காகிதத் துண்டை நுழைத்துச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

திருகுகள் தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை, கையேடு போடச் சொன்னால் மட்டும். இறுக்கிய பின் ஒவ்வொரு திருகின் தலையிலும் ரெயிலிலும் சேர்ந்தாற்போல ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு போடுங்கள். நூறு தோட்டா சுட்ட பின் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. முன்குறி ஹேண்ட்கார்டில் இருந்தால் அன்றே மறுபடி குறி சரிபார்க்க வேண்டும்.

கழற்றிய பழைய ஹேண்ட்கார்டையும் வளையத்தையும் ஒரு ஜிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். விற்கும்போது வாங்குபவர் கேட்பார். ஊருக்குப் போகும்போது அதையோ புதியதையோ பெட்டியில் வைத்துவிடாதீர்கள். துப்பாக்கிப் பாகங்களைக் கைப்பையில் விமானத்தில் ஏற்றுவது இங்கேயே தடை, பாகங்களை நாட்டை விட்டுக் கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம், இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டமோ பாகங்களையும் ஆயுதம் என்றே கணக்கில் எடுக்கிறது. சென்னை கஸ்டம்ஸில் நின்று "இது வெறும் உறைதான் சார்" என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.